கிஃப்ட்னா பரிசா, விஷமா, கல்யாணமா? மாட்டிக்கிட்டவங்க வந்து சொல்லுங்க

ஊறுகாஜாடி, லைப்சிக்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சேன், இன்னிக்கு ஊர்லேர்ந்து பார்சல் வரவும் ஞாபகம் வந்துடுச்சு. நான் இங்க ஜெர்மனிக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. வந்த முதல் தீபாவளிக்கு எங்கம்மா மதுரைலேர்ந்து ஒரு பெட்டி அனுப்பினாங்க, முறுக்கு, சாம்பார் பொடி, எலுமிச்சங்கா ஊறுகா எல்லாம் வெச்சு. கூரியர் கடைல இருந்த பையன் "மேல கிஃப்ட்னு எழுதிடுங்கம்மா, அப்பத்தான் வரி போட மாட்டான்"னு சொல்லியிருக்கான். அவன் சொன்னது முழுப்பொய்யும் இல்ல, வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தர் இன்னொருத்தருக்கு சொந்தமா அனுப்புற பரிசுக்கு 45 யூரோ வரைக்கும் இங்க வரி கிடையாது. ஆனா எங்கம்மா எதையும் அரைகுறையா செய்யற ஆள் இல்ல. பெட்டியோட ஆறு பக்கமும் கறுப்பு மார்க்கர்ல பெரிய இங்கிலீஷ் எழுத்துல ஜி ஐ எஃப் டி, ஒவ்வொண்ணுக்கும் அடியில ரெண்டு கோடு வேற.

அன்னிக்கு நான் ஆபீஸ்ல. வீட்டுல ஆள் இல்லன்னா இங்க பக்கத்து வீட்டுல குடுத்துட்டு போயிடுவாங்க, அப்படி கீழ்வீட்டு பாட்டி வாங்கி வெச்சிருக்காங்க. சாயங்காலம் வந்து பாத்தா பெட்டி அவங்க வீட்டுக்குள்ள இல்ல, மாடிப்படிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அதுமேல வெச்சிருக்கு, பாட்டி கைல பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கிளவுஸோட நிக்கிறாங்க. ஒரு மூலைல ஊறுகா எண்ணெய் கசிஞ்சு செவப்பா ஒழுகிட்டு இருக்கு. அவங்க எடத்துல நீங்க இருந்து பாருங்க, வெளில ஆறு தடவை விஷம் விஷம்னு எழுதியிருக்கு, உள்ளேர்ந்து செவப்பா எதுவோ வடியுது, முந்தாநாள் குடிவந்த பையனுக்கு வந்திருக்கு.

ஆமாங்க, ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம். ரட்டன்கிஃப்ட்னா எலி விஷம், கிஃப்டிக்னா விஷமுள்ளது. பரிசுக்கு கெஷெங்க்னு வேற வார்த்தை. என் ஏ1 கிளாஸ்ல, அதான் ஆரம்பநிலை ஜெர்மன் வகுப்பு, கெஷெங்க் சொல்லிக்குடுத்தாங்க, கிஃப்ட் சொல்லிக்குடுக்கல, ஏன்னா அதுதான் தெரியுமேன்னு நானே நினைச்சிருந்தேன். பாட்டிக்கு இங்கிலீஷ் அர்த்தம் ஏன் தோணலன்னா அவங்க கிழக்கு ஜெர்மனி காலத்து ஆள், பள்ளிக்கூடத்துல அவங்களுக்கு முதல் அந்நிய மொழி ரஷ்யன். நான் போன்ல படம் காட்டி விளக்கி, முறுக்கு எடுத்து நானே அவங்க முன்னாடி கடிச்சுத் தின்னு காட்டின பிறகுதான் கிளவுஸ கழட்டினாங்க.

இந்த ஒரு வார்த்தையால மாட்டினவங்க வேற யாராவது இருக்கீங்களா?

பனிக்கரடி, ஒஸ்லோ

தம்பி உம்மட கதை ஒண்டுமில்லை, என்ர கதையக் கேளும். நான் 1998ல நோர்வேக்கு வந்தனான், மனிசி ஒரு வருசம் கழிச்சு வந்தவ. அவவையும் கூட்டிக்கொண்டு மொழி வகுப்புக்குப் போனா ரீச்சர் எல்லாருக்கும் ஒரு அட்டை குடுத்தவ, ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு கேள்வி, வாசிச்சிட்டு எழும்பி மறுமொழி சொல்லோணும். எனக்கு வந்த அட்டையில "ஆர் டூ" எண்டு துவங்கி கடைசியில ஜி ஐ எஃப் டி எண்டு கிடக்கு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசை வைச்சு நான் விளங்கினது என்னெண்டா, ரீச்சருக்குப் பரிசு ஏதும் கொண்டுவந்தனீரோ எண்டு கேட்டிருக்கு. நத்தார் கிட்டடியில வேற. நான் எழும்பி நல்ல மரியாதையா "நெய், நெஸ்தெ கங்" எண்டு சொன்னன். இல்லை, அடுத்த முறை எண்டு அர்த்தம்.

வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரிக்குது. கேள்வி என்னெண்டா "நீர் கலியாணம் முடிச்சவரோ". மனிசி பக்கத்துக் கதிரையில இருக்கிறா.

நோர்வேயில அந்த எழுத்தை யிஃப்ட் எண்டுதான் வாசிக்கிறது, இகரத்துக்கு முன்னால வாற ஜி இங்க ய் மாதிரி. அதே எழுத்து, அதே உச்சரிப்பு, விசத்துக்கும் அதுதான், கலியாணம் கட்டினவைக்கும் அதுதான். படிவங்களில "ஊயிஃப்ட்" எண்டு ஒரு பெட்டி இருக்கும், கலியாணம் கட்டாதவை அதில புள்ளடி போடோணும். கலியாண மோதிரத்துக்கு யிஃப்தெரிங். விச மோதிரம் எண்டு விளங்கினாலும் நீங்கள் பிழையெண்டு சொல்ல ஏலாது. மனிசி இண்டைக்கும் எங்கையாவது விருந்துக்கு வெறுங்கையோட போனா "நெஸ்தெ கங்" எண்டு சொல்லுவா.

சும்மா_வந்தேன்

அப்ப அந்த நாட்டுக்காரன்தான்யா நேர்மையானவன். கல்யாணத்துக்கும் விஷத்துக்கும் ஒரே வார்த்தை வெச்சிருக்கான் ஹிஹி

லிங்கன்பெரிக்காரி, உப்சாலா

சும்மா வந்த அண்ணே, இந்த ஜோக்க சுவீடன்ல நான் பாத்த ஒவ்வொரு ஆம்பளையும், அவனே புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எனக்கு சொல்லியாச்சு. என் மேனேஜர் சொன்னார், டாக்ஸி டிரைவர் சொன்னார், பல் டாக்டர் என் வாய்க்குள்ள கைய வெச்சுக்கிட்டு சொன்னார். நீங்க எத்தனாவதுன்னு எண்ணிக்கை விட்டுப்போச்சு.

என் அனுபவம் சிரிக்கற மாதிரி இல்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். பையனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது குழந்தைங்க நல மையத்துல ஒரு கட்டு காகிதம் குடுத்தாங்க, தடுப்பூசி அட்டவணை, பல் தேய்க்கிறது எப்படி, இப்படி. அதுல ஒரு ஸ்டிக்கர், "கிஃப்ட்இன்ஃபர்மேஷன்ஸ்" அப்படின்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு பேரு. சுவீடிஷ் வார்த்தைங்க இப்படித்தான், இடமே விடாம ஒட்டி ஒட்டி ரயில் மாதிரி போகும். நான் என்ன நினைச்சேன்னா, பிறந்தநாள் கிஃப்ட் வவுச்சர் மாதிரி ஏதோ கடை விளம்பரம்னு நினைச்சு பேப்பர் குப்பைல போட்டுட்டேன். வந்து அப்ப எட்டு மாசம்தான், பேச்சு சுவீடிஷ் ஓரளவு, படிக்கிறது சுத்தமா வராது.

ஆகஸ்ட் மாசம் வீட்டுக்குப் பின்னாடி புல்வெளில விளையாடிட்டு இருந்தவன் வாயில செவப்பா என்னவோ. அந்த எடத்துல லில்யெகொன்வால்ய்னு ஒரு செடி, மே ஜூன்ல வெள்ளையா குட்டி குட்டி மணி மாதிரி பூக்கும், வாசனை அள்ளும், கோடை முடியறப்ப செவப்பா பழம் விடும், பாத்தா நம்மூர் மணத்தக்காளி செவப்பா பழுத்த மாதிரி. செடி முழுக்க விஷம், இதயத்துடிப்ப பாதிக்கிற வகை. பக்கத்துல இருந்த சுவீடிஷ் அம்மா பாத்துட்டு "யிஃப்ட்! யிஃப்ட்!"னு கத்தறாங்க. எனக்கோ யிஃப்ட்னா கல்யாணமானவங்கன்னு மட்டும்தான் தெரியும், ஏன்னா மைக்ரேஷன் படிவத்துல எல்லாம் அந்தக் கட்டத்துலதான் டிக் போட்டிருக்கேன். நான் "யா, யா"ன்னு தலையாட்டறேன். ஆமா, எனக்கு கல்யாணம் ஆயிடுச்சுன்னு. இப்ப நினைச்சா கூட வயிறு கலங்குது. அந்தம்மா என்னை விட்டுட்டு நேரா பையன் வாய்க்குள்ள விரல விட்டு எடுத்துட்டாங்க, அவங்களே போன் போட்டாங்க. அந்த போன் எதுக்குன்னா நான் குப்பைல போட்ட ஸ்டிக்கர்ல இருந்த அதே இடத்துக்கு. விஷத் தகவல் மையம். ராத்திரி பகல் எப்ப கூப்பிட்டாலும் எடுப்பாங்க. எத்தனை பழம், எவ்வளவு நேரமாச்சு, முழுங்கினானா துப்பினானான்னு நிதானமா கேட்டுட்டு, ஒண்ணு ரெண்டுதான்னா பயப்பட ஒண்ணுமில்ல, தண்ணி குடுங்க, வாந்தி எடுக்கிறானான்னு பாருங்கன்னு சொன்னாங்க. ஒண்ணும் ஆகல. இப்ப எங்க வீட்டுல மருந்துக்கடைல விக்கிற கரித்தூள் ஒரு டப்பா எப்பவும் இருக்கு, வீட்டுல வெச்சுக்கச் சொல்லி அவங்களே சொல்றதுதான், விஷத்த உறிஞ்சறதுக்கு, ஆனா அவங்களக் கேக்காம குடுக்கக்கூடாது. ஸ்டிக்கர் ஃப்ரிட்ஜ்ல ஒண்ணு, என் போனுக்குப் பின்னாடி ஒண்ணு.

புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு கேளுங்க, ஜெர்மனி, சுவீடன், நார்வே, டென்மார்க் எங்க போனாலும் ஒரு பாட்டில்லயோ டப்பாலயோ கிஃப்ட்னு இருந்தா அது ஃப்ரீயா குடுத்ததுன்னு நினைச்சுடாதீங்க.

சொல்லுப்பித்தன், உட்ரெக்ட்

இந்தத் தலைப்புக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு. நான் நெதர்லாந்து. இங்க கிஃப்ட் இருக்கு, விஷமில்ல, நன்கொடை. விஷத்துக்கு கடைசி டி-ய வெட்டி எறிஞ்சுட்டு "கிஃப்"னு வெச்சுக்கிட்டாங்க. ஆனா விஷமுள்ளதுன்னு சொல்லணும்னா போன டி திரும்பி வந்துடும், கிஃப்டிக். என்ன கணக்குன்னு கேக்காதீங்க. ரெண்டுலயும் அந்த முதல் எழுத்து நம்ம க் கிடையாது, தொண்டைல மீன்முள்ளு மாட்டினா காறுவோமே, அந்த சத்தம்.

வருஷா வருஷம் வரிக்கணக்குல "கிஃப்டன்"னு ஒரு பகுதி வரும், தர்மத்துக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு. பதிவான தொண்டு அமைப்புக்கு குடுத்திருந்தா வரில கழிச்சுக்கலாம், அந்த அமைப்புங்களுக்கு சுருக்கப்பேர் அன்பி. நிஜமாத்தான், அன்பி. என்கூட வேலை பாக்கிற ஜெர்மன் பொண்ணு முதல் வருஷம் அந்தப் பக்கத்த திறந்துட்டு "இவங்க ஏன் நான் எவ்வளவு விஷம் குடுத்தேன்னு கேக்கறாங்க"ன்னு கத்தினா.

எப்படி இப்படி ஆச்சுன்னு கேக்கிறவங்களுக்கு. வேர் ஒண்ணுதான், குடுக்கிறது. இங்கிலீஷ் கிவ், ஜெர்மன் கேபன், டச்சு கேஃபன், அதுலேர்ந்து வந்த பெயர்ச்சொல் கிஃப்ட், அதாவது குடுத்தது, கொடை. ஜெர்மன்லயும் ஒருகாலத்துல அதுக்கு பரிசுங்கிற அர்த்தம் இருந்துச்சு. அப்ப கிரேக்கத்துல வைத்தியர் அளந்து குடுக்கிற மருந்துக்கு டோசிஸ்னு பேரு, அதுவும் குடுக்கிறதுங்கிற வினைலேர்ந்து வந்ததுதான், நாம டோஸ்னு சொல்றோமே அதே. அது லத்தீன்ல போச்சு, அத ஜெர்மன்ல சொல்ல, குடுத்ததுதானேன்னு கிஃப்ட்னே வெச்சாங்க. அப்புறம் ஒருத்தனக் கொல்றதுக்குக் குடுக்கிறதையும் நாசூக்கா அதே வார்த்தையில சொல்ல ஆரம்பிச்சாங்க, நாசூக்கு போய் விஷம் மட்டும் நின்னுடுச்சு. வடக்கு ஜெர்மன் வியாபாரிங்க பேச்சுலேர்ந்து சுவீடன் டென்மார்க் பக்கம் ஏகப்பட்ட வார்த்தை போயிருக்கு, இந்த விஷ அர்த்தமும் அந்த வழில போனதுதான்.

அப்ப அதுக்கு முன்னாடி விஷத்த என்னன்னு சொன்னாங்கன்னு பாத்தா அதான் இன்னும் சுவாரஸ்யம். பழைய ஜெர்மன்ல எய்ட்டர். அது இப்பவும் இருக்கு, ஆனா புண்ணுல வர்ற சீழுக்கு. டேனிஷ்ல சிலந்திக்கு எடர்காப்னு சொல்றாங்க பாருங்க, அந்த முன்பாதி எடர், அதான் பழைய விஷம். ஒரு வார்த்தை பதவி போனதும் ஒரு எடத்துல சீழாவும் ஒரு எடத்துல எட்டுக்கால் பூச்சியாவும் பொழைச்சுக்கிட்டு கெடக்கு.

டெல்டாக்காரன், மன்ஹைம்

சொல்லுப்பித்தன் சொன்ன நாசூக்குல எனக்கு சட்டுனு ஒண்ணு புடிபட்டுச்சு. என் ஜெர்மன் ரூம்மேட் ஒருநாள் கேட்டான், உங்க ஊர்ல விஷத்துக்கு என்ன வார்த்தைன்னு. விஷம், நஞ்சுன்னு சொன்னேன். அப்புறம் யோசிச்சா எங்க ஊர்ல, மன்னார்குடி பக்கம், அத நான் எங்கடா கேட்டேன்? வயலுக்கு அடிக்கிறது பூச்சி மருந்து. எலிக்கு வைக்கிறது எலி மருந்து. எவனாவது கடன்பட்டு மனசொடிஞ்சு ஏதாவது பண்ணிக்கிட்டா ஊர்ல விஷம் குடிச்சான்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "மருந்தக் குடிச்சிட்டான்"னுதான் சொல்வாங்க, அதுவும் குரல எறக்கி. ஆஸ்பத்திரில குடுக்கிறதும் மருந்து, அதுவும் மருந்து. மாமியார் வீட்டுல புருஷன மயக்க சோத்துல கலந்து "மருந்து வெச்சுட்டா"ன்னு சொல்றாங்களே அதுவும் மருந்துதான். இவ்வளவையும் அவன்கிட்ட விளக்கிட்டு, உங்காளுங்க ஏன்டா விஷத்துக்கு பரிசுன்னு பேரு வெச்சாங்கன்னு சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லடான்னுட்டேன்.

இன்னொண்ணு. பி1 ஜெர்மன் பரீட்சைல எனக்கு ஆர்ட்டிகிள், அதான் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி அதோட பால் காட்ட வர்ற சொல்லு, தப்பா போச்சு. கிஃப்ட்னா "தாஸ்", அஃறிணை. அதனால மிட்கிஃப்ட்டுக்கும் தாஸ் போட்டேன், டீச்சர் செவப்புல அடிச்சு "டி"ன்னு எழுதிட்டார், பெண்பால். ஏன்னு கேட்டா, கிஃப்டுக்கு கொடைன்னு அர்த்தம் இருந்த காலத்துல அது பெண்பால், விஷமானதும்தான் மெல்ல மெல்ல பால் மாறிச்சு, மிட்கிஃப்ட்ல மட்டும் பழையது அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னார். மிட்னா கூட. பொண்ணுகூட குடுத்து விடுறது. வேற என்ன, நம்ம சீதனம்தான்.

சும்மா_வந்தேன்

கூடவே குடுத்துவிடுற விஷம். நான் வாயத் திறக்கல, லிங்கன்பெரி அக்கா அடிப்பாங்க

கப்பக்காரன், தூத்துக்குடி

நான் ஐரோப்பால குடியிருக்கல, ஆனா முப்பது வருசமா கப்பல்ல போயிட்டு வாரேன், எழுதலாம்ல? கிரீஸ்ல பிரேயஸ் துறைமுகத்துல கப்பல் ரிப்பேருக்கு கெடந்தோம், 2012. எனக்கு கடவாப்பல் வலி உசுர் போவுது. எங்க போசன், அதாம் டெக்கு ஆளுவளுக்கு மேஸ்திரி, கிரேக்கன், நல்ல மனுசன், தெருமுனைல பச்ச சிலுவை லைட்டு எரியுதா பாரு, அதான் மருந்துக்கட, போயி ஃபார்மாக்கோன்னு கேளுன்னான். நான் நடந்து போறதுக்குள்ள வார்த்தை வாயில நெளிஞ்சு ஃபார்மாக்கின்னு ஆயிப்போச்சு. கடைல ஒரு அம்மா, வெள்ளக்கோட்டு. நான் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு "ஃபார்மாக்கி, ஃபார்மாக்கி"ங்கேன், அந்தம்மா கண்ணு விரியுது, சிரிக்கவும் முடியல, அழவும் முடியல.

ஃபார்மாக்கோன்னா மருந்து, ஃபார்மாக்கின்னா விசம். கடேசி எழுத்துதாம்ல வித்தியாசம். பழைய கிரேக்கத்துல ஃபார்மாகோன்னு ஒரே வார்த்தைதானாம் ரெண்டுக்கும். டெல்டாக்காரர் சொன்ன மருந்து மாதிரியேதான்.

அப்பத்தான் அங்க நாடே கடன்ல முங்கிக் கெடந்த நேரம். டீக்கடைல டிவியப் பாத்துக்கிட்டு அத்தன பேரும் "தோஸி, தோஸி"ன்னு ஒரே கூப்பாடு. நம்ம டோசு, அவனுவ வாயில தோஸி. யாருக்கோ மருந்து குடுக்கலன்னு சண்ட போடுறானுவளோன்னு பாத்தா, ஐரோப்பாக்காரன் குடுக்க வேண்டிய கடன்ல அடுத்த தவணை வரல, அதுக்கு. தவணைக்கும் அதான் வார்த்தை அங்க. குடுக்கிறதுல எது மருந்து எது விசம்னு அவனுவகிட்டதாம் கேக்கணும்.

ஊறுகாஜாடி, லைப்சிக்

கப்பக்காரண்ணே கும்பிடறேன். பல்லு என்ன ஆச்சு?

கப்பக்காரன், தூத்துக்குடி

புடுங்கியாச்சு

லாச்சப்பல்_மாமா

பிரெஞ்சில கிஃப்ட் இல்லை, கதோ எண்டுதான் சொல்லுறது. ஆனா விசத்தில எங்களுக்கும் ஒரு கதை இருக்கு. 90களில நான் இஞ்ச ஒரு மீன்கடையில வேலை செய்தனான், முதலாளி எங்கட ஆள். பெயர்ப்பலகை எழுதக் குடுத்த பொடியன் புவாஸோன் எண்டு எழுதேக்கை ஒரு எஸ்ஸை விட்டிட்டான். ரெண்டு எஸ் போட்டா மீன். ஒரு எஸ் போட்டா ஸகரம் மாறி தேனீ இரையிற மாதிரி ஒரு சத்தம் வரும், எங்கட எழுத்தில அந்தச் சத்தம் இல்லை, அர்த்தம் விசம். "புது விசம் கிடைக்கும்" எண்டு ரெண்டு கிழமை கடை வாசல்ல தொங்கினது. வெள்ளைக்காரச் சனம் நிண்டு படம் எடுக்குது, முதலாளி வியாபாரம் கூடப்போகுது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு நிக்கிறார்.

பிறகு மகள் பள்ளிக்கூடத்தில லத்தீன் படிச்சு வந்து சொன்னாள், அந்த விசச் சொல்லு லத்தீனில போத்தியோ எண்டதிலயிருந்து வந்ததாம், அதுக்கு அர்த்தம் வெறும் குடிக்கிறது எண்டதுதான். இங்கிலிசில போஷன் எண்டு மந்திரவாதி குடுக்கிற கசாயத்துக்குச் சொல்லுறது, அதுவும் அதுதான். ஒரே வீட்டில பிறந்த ரெண்டு பிள்ளையள்.

பீர்ப்பந்தல், மியூனிக்

லாச்சப்பல் மாமா சொன்னதுக்கு நேர் தலைகீழா இங்க ஒண்ணு இருக்கே! ஜெர்மன்ல பரிசுக்கு கெஷெங்க்னு ஊறுகாஜாடி சொன்னார்ல, அந்த ஷெங்கன்ங்கிற வினைக்கு பழைய அர்த்தமே ஊத்திக் குடுக்கிறது. இப்பவும் கிளாஸ்ல ஊத்தறதுக்கு ஐன்ஷெங்கன், பீர் ஊத்திக் குடுக்கிற கவுண்ட்டர்ல அவுஸ்ஷாங்க்னு போர்டு தொங்கும், மியூனிக்ல அந்த போர்டத் தேடி நடக்காதவன் கிடையாது. ஆக பாருங்க, பிரெஞ்சுக்காரனுக்கு குடிக்கிறது விஷமாச்சு, ஜெர்மன்காரனுக்கு குடிக்கக் குடுத்தது பரிசாச்சு, குடுத்தது விஷமாச்சு. இத எனக்கு நானே கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, பொண்டாட்டிய எழுப்பி சொன்னேன், திட்டு வாங்கினேன்.

ஆபீஸ் கதை ஒண்ணு. புது புராஜெக்ட், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுமான்னு டீம் லீட்கிட்ட கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே "டாராவுஃப் கான்ஸ்ட் டு கிஃப்ட் நேமன்" அப்படின்னார். அத நம்பி நீ விஷம் எடுத்துக்கலாம்! முடியலன்னா விஷம் குடிச்சு சாவுன்னு சொல்றாரோன்னு எனக்கு பக்குனு ஆயிடுச்சு, அப்ப வேலை வேற ப்ரொபேஷன். சனி ஞாயிறும் உக்காந்து முடிச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நாம "கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்"ம்போமே அதுமாதிரி, கண்டிப்பா நடக்கும்னு அடிச்சுச் சொல்றது. அவர் எனக்கு வாக்கு குடுத்திருக்கார், நான் மிரட்டல்னு எடுத்துக்கிட்டு வாரக்கடைசிய தொலைச்சிருக்கேன். அந்த டீம்ல குட்டையா கடுகடுன்னு ஒருத்தர் இருந்தார், அவர முதுகுக்குப் பின்னாடி கிஃப்ட்ஸ்வெர்க்னு சொல்வாங்க, விஷக்குள்ளன். நான் முதல்ல அவர் கிறிஸ்மஸ் பரிசு குடுக்கிற குள்ளத் தாத்தா வேஷம் போடறவர் போலன்னு நினைச்சு அவர்கிட்டயே கேட்டுட்டேன். அந்தக் கதைய இங்க எழுத மாட்டேன்.

யார்க்கர், யார்க்ஷயர்

கிரிக்கெட் இல்ல, ஊர்தான். இங்கிலீஷ்ல மட்டும் எப்படி ஒழுங்கா பரிசுன்னு நின்னுச்சுன்னு நினைக்காதீங்க, பழைய இங்கிலீஷ்ல கிஃப்ட்னா பொண்ணுக்குக் குடுக்கிற பரிசப்பணம், பன்மைல கல்யாணம். அப்ப அவங்களும் யிஃப்ட்னுதான் சொல்லியிருக்காங்க, பனிக்கரடி அண்ணன் மாதிரியே. அப்புறம் வைக்கிங் ஆளுங்க வந்து எங்க ஊர்ப்பக்கம் குடியேறினாங்க, அவங்க பேச்சுல க் அழுத்தமா இருந்துச்சு, அந்த க்-தான் கிவ், கிஃப்ட் ரெண்டுலயும் நின்னுடுச்சு. வேடிக்கை என்னன்னா க்-அ குடுத்த நார்வே, சுவீடன்காரன் இப்ப யிஃப்ட்ங்கிறான், வாங்கின இங்கிலீஷ்காரன் கிஃப்ட்ங்கிறான்.

லிங்கன்பெரிக்காரி, உப்சாலா

கல்யாணம் எப்படி இதுக்குள்ள வந்துச்சுன்னு யாரும் சொல்லலையே. என்கூட வேலை செய்யற அம்மா பரம்பரை ஆராய்ச்சி பண்றவங்க, சர்ச் பழைய பதிவேட்டு நகல் எல்லாம் லஞ்ச் நேரத்துல திறந்து வெச்சிருப்பாங்க. அதுல ஒரு பேருக்குப் பக்கத்துல யிஃப்தோமான்னு இருந்துச்சு. நான், புருஷனான்னு கேட்டேன். இல்லயாம். அந்தப் பொண்ண குடுக்கிற உரிமை இருக்கிற ஆள். அப்பா, அப்பா இல்லன்னா அண்ணன், இப்படி. அவர் ஒத்துக்காம கல்யாணம் கிடையாது. யிஃப்ட்னா கல்யாணமானவள்னு அர்த்தம் இல்ல முதல்ல, குடுக்கப்பட்டவள். 1734 சட்டத்தொகுப்புல கல்யாணப் பகுதிக்கே இந்த வேர்ச்சொல்லுலதான் பேரு, அந்தப் பேரு 1987 வரைக்கும் ஓடி, 1988லதான் வேற சொல்லு வெச்சு புது சட்டம் வந்துச்சு. அந்தம்மா "எவ்வளவு மோசம் பாத்தியா"ன்னு என்னப் பாக்கிறாங்க. நான் என்னத்த சொல்ல, எங்க சித்தி போன வாரம்தான் போன்ல "சின்னவள திருச்சில குடுத்திருக்கோம்"னு சொன்னாங்க. கட்டிக் குடுத்தாச்சு, பொண்ணு குடுத்த எடம், எங்க வீட்டுல பொண்ணு எடுத்தவங்க, எல்லாம் குடுக்கல் வாங்கல்தான்.

சொல்லுப்பித்தன், உட்ரெக்ட்

தொல்காப்பியம் கற்பியல் முதல் சூத்திரம், "கொடைக்குரி மரபினோர் கொடுப்பக் கொள்வதுவே". யிஃப்தோமானுக்கு தமிழ் கேட்டா நான் கொடைக்குரி மரபினோன்னுதான் சொல்வேன், இதவிட சரியா ஒட்டற மொழிபெயர்ப்பு கிடையாது.

எரிமலை, ரேக்யவிக்

ஐஸ்லாந்துலேர்ந்து ஒரு சின்னக்குறிப்பு. இங்க கல்யாணத்துக்கு இதே சொல்லு உண்டு, விஷத்துக்கு மட்டும் வேற, அது எய்தூர், சொல்லுப்பித்தன் சொன்ன அந்தப் பதவி போன கிழவன்தான், இங்க இன்னும் பதவில இருக்கான். ஆனா கிஃப்தான்னு ஒரு பெயர்ச்சொல் இருக்கு, அதுக்கு அதிர்ஷ்டம்னு அர்த்தம். கைவான்னு இன்னொண்ணு, அதுவும் குடுக்கிற வேர்தான், அதுவும் அதிர்ஷ்டம். என் ஐஸ்லாந்து மாமியார் இத எனக்கு புரியவைக்க அரைமணி நேரம் இங்கிலீஷ்ல கஷ்டப்பட்டாங்க, யாரோ மேலேர்ந்து உனக்குன்னு குடுத்து வெச்சது, நீ சம்பாதிச்சது இல்ல, அப்படி இப்படின்னு. நான் ஒரே நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டேன், எங்க பாட்டி ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கேனே, "அவ கொடுத்து வெச்சவடி".

பனிக்கரடி, ஒஸ்லோ

மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். தான் கொடுத்து வைக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டா.

ஊறுகாஜாடி, லைப்சிக்

எல்லாருக்கும் நன்றி, நான் ஏதோ ரெண்டு கமெண்ட் வரும்னு நினைச்சேன். இன்னிக்கு வந்த பார்சல் கதைய சொல்லாம விட்டுட்டேன்.

கீழ்வீட்டு பாட்டி இப்ப எனக்கு ரொம்ப தோஸ்த். முதல் வருஷம் நான் குடுத்த ஊறுகாய அவங்க துளியூண்டு ரொட்டில தடவி சாப்ட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, "இப்ப புரியுது, பெட்டில சரியாத்தான் எழுதியிருந்தாங்க"ன்னாங்க. ஜாடிய கழுவி அதுல பிளம் ஜாம் போட்டு திருப்பிக் குடுத்தாங்க, மேல ஒரு லேபிள், அவங்க கையெழுத்துல "கிஃப்ட்", பக்கத்துல ஒரு மண்டையோடு. அதுலேர்ந்து வருஷா வருஷம் ஜாடி போகும், வரும்.

அம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேன், இனிமே அந்த வார்த்தைய எழுதாதீங்கம்மா, இங்க விஷம்னு அர்த்தம்னு. அம்மா கூரியர் பையன்கிட்ட சொன்னா அவன் விடல, இல்லம்மா, அது எழுதியே ஆகணும், இல்லன்னா திருப்பி அனுப்பிடுவான்னு. அம்மாவுக்கு மகன் பேச்சையும் தட்ட முடியல, கூரியர்காரன் பேச்சையும் தட்ட முடியல. இன்னிக்கு வந்த பெட்டில ஆறு பக்கமும் அதே கறுப்பு மார்க்கர், அதே கிஃப்ட், அதே ரெண்டு கோடு. அதுக்குக் கீழ அழகா தமிழ்ல எழுதியிருக்காங்க, "விஷம் இல்லை".

பாட்டி பெட்டிய என் கைல குடுத்துட்டு அந்தத் தமிழ் எழுத்தத் தடவிப் பாத்து இது என்னன்னு கேட்டாங்க. உங்களுக்குத்தான் எழுதியிருக்காங்கன்னு சொன்னேன்.